தீவும் துறையும்: யாழ்ப்பாணத் தீவகத்தின் நிலவமைப்பும் போக்குவரவும்

தோற்றுவாய்

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலத்தைத் தீவு என்கிறோம். இது பள்ளிச் சிறாரும் அறிந்த இலக்கணம். ஆயினும், யாழ்ப்பாண நகரின் மேற்கேயும் தென்மேற்கேயும் கிடக்கும் தீவுக் கூட்டத்தை நோக்குவார்க்கு இவ்விலக்கணம் போதாமை விரைவில் புலனாகும். மண்டைதீவில் வாழ்பவர் காலையிற் பேருந்தேறி நகரில் அலுவல் பார்த்து மாலையில் வீடு மீள்வர். நெடுந்தீவில் வாழ்பவரோ, நகருக்குச் செல்லக் கருதின், முதலிற் காற்றைப் பார்ப்பர். பின்னர்க் கடலைப் பார்ப்பர். அதன் பின்னரே படகு புறப்படும் நேரத்தை எண்ணுவர். இரண்டும் தீவுகளே, இரண்டையும் நீரே சூழ்ந்துள்ளது. எனினும் ஒன்று நகரின் புறஞ்சேரியாகவும், மற்றொன்று நகருக்கு நெடுந்தொலைவிலுள்ள வேற்றூர் போலவும் வாழ்கின்றன.

இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது? இயற்கை அமைத்ததா, மக்கள் அமைத்த வழிகள் அமைத்தனவா? இவ்வினாவுக்கு விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கம். நிலநூலார் கூறுவனவற்றோடு, கல்வெட்டும் ஊர்ப்பெயரும் வழக்குச் சொல்லும் தரும் சான்றுகளையும் ஈண்டுத் துணையாகக் கொள்வோம்.

தீவுகளின் கிடக்கை

தீவகம் என வழங்கும் பகுதியில் மக்கள் வாழும் தீவுகள் எட்டு. அவற்றுள் வேலணைத் தீவு நகருக்கு அண்மையில் தொடங்கி வடமேற்காக நீண்டு கிடக்கிறது. அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, சரவணை, ஊர்காவற்றுறை முதலிய ஊர்கள் இத்தீவில் உள்ளன. நகருக்கும் இத்தீவுக்கும் இடையே பண்ணைக் கடலின் அருகே மண்டைதீவு உள்ளது. வேலணையின் தென்மேற்கே புங்குடுதீவும், அதற்கு அப்பால் நயினாதீவும், இன்னும் தெற்கே பாக்கு நீரிணையில் தனித்து நெடுந்தீவும் அமைந்துள்ளன. ஊர்காவற்றுறைக்கு மேற்கே எழுவைதீவும் அனலைதீவும் உள. ஊர்காவற்றுறைக்கு வடக்கே, ஒடுங்கிய ஒரு கடற்காலின் மறுகரையில், காரைநகர் உளது. மண்டைதீவை வேலணையோடு சேர்த்தெண்ணி ஏழு தீவுகள் எனக் கூறும் வழக்கும் உண்டு.

இத்தீவுகளும் யாழ்ப்பாணக் குடாநாடும் ஒரே சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்தவை. கடல்மட்டம் மிகத் தாழ்ந்திருந்த பழங்காலத்தில் இவையெல்லாம் ஒரே நிலப்பரப்பாய் இருந்தன. பின்னர்க் கடல் உயர்ந்தபோது பள்ளங்கள் நீருட் சென்றன, மேடுகள் தீவுகளாயின. ஆகவே இவற்றிடையே கிடக்கும் நீர்ப்பரப்பிற் பெரும்பகுதி ஆழமற்றது. நகருக்கும் வேலணைக்கும் இடைப்பட்ட களப்பில் மீனவர் நீரில் இறங்கி நடந்து தொழில் செய்யும் இடங்கள் பல. இவ்வாழமின்மை பிற்காலத்தில் வழியமைப்பார்க்குப் பேருதவியாயிற்று. நெடுந்தீவைச் சூழ்ந்த கடலோ அத்தன்மையது அன்று. அது திறந்த கடல். காற்றின் முழு வேகமும் அதன் மேற் படிவது.

தீவுகளில் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிற் புகுந்து, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாய் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயர்ந்து நிற்பின், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை அது தாழ்ந்து நிற்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. இக்கணக்கை மாற்றி நோக்கினால் இடர் விளங்கும்: மேலே ஒரு சாண் குறையின், கீழே பல மீட்டர் உவராகும். சிறிய தீவில் இப்படை மேலும் மெலிந்ததாகும். மண்கும்பான், சாட்டி முதலிய மணற்பாங்கான இடங்களில் நன்னீர் கிடைக்கிறது. பிற இடங்களிற் கிணற்று நீர் பெரிதும் உவர்க்கிறது. ஆகவே, தீவகத்தில் ஆளும் பொருளும் மட்டுமன்றிக் குடிநீரும் ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்துக்குச் செல்ல வேண்டியுள்ளது. போக்குவரவு இங்கே வசதி அன்று, வாழ்வின் அடிப்படை.

கடலே வழியாய் இருந்த காலம்

இன்று தீவகத்தை நகரின் ஒதுக்குப்புறமாகக் கருதுகின்றனர். பழங்காலத்து நிலை இதற்கு நேர்மாறானது என்பதற்கு நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு சிறந்த சான்றாகும். இது பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை. பேராசிரியர் கா. இந்திரபாலா இதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும் என்றும், அவர்கள் காக்கப்படவேண்டும் என்றும் அவ்வாணை கூறுகிறது. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடையின், நாலில் ஒரு பங்கைப் பண்டாரம் கொண்டு, எஞ்சிய மூன்று பங்கை உடையவனுக்கு விடவேண்டும். பிற சரக்கு ஏற்றிய கலம் உடையின், செம்பாதி பண்டாரத்துக்கும் மறுபாதி உடையவனுக்கும் உரியன என அது பகுத்துரைக்கிறது.

இக்கல்வெட்டிலிருந்து மூன்று செய்திகளை நாம் பெறுகிறோம். முதலாவது, ஊராத்துறை அந்நாளில் ஒரு நாட்டின் வாயிலாய் இருந்தது. இரண்டாவது, இக்கடலிற் கலம் உடைதல் சட்டம் வகுக்கவேண்டிய அளவுக்கு நிகழக்கூடியதாய் இருந்தது. மூன்றாவது, வாயிலில் வருவோர்க்குப் பாதுகாப்பு அளித்தலை அரசு தன் கடமையாகக் கொண்டது. இக்கருத்துக்கு அரணாக அல்லைப்பிட்டியில் 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த சீன மட்கலங்கள் கண்டெடுக்கப்பட்டன. இன்று பேருந்தின் பலகணி வழியே ஒரு கணம் தோன்றி மறையும் இச்சிற்றூர், அன்று நெடுந்தொலைவுக் கடல் வாணிகத்தோடு தொடர்புற்றிருந்தது என்பது எண்ணத்தக்கது.

ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. ‘காவல்’ என்னும் சொல் பழைய வடிவிற் காணப்படாமையால், அது பின்னர் வந்து புகுந்தது எனக் கருத இடமுண்டு. போர்த்துக்கேயர் இத்துறையை யானைத்துறை எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். அப்பெயரில் துறையைக் குறிக்கும் பகுதியே சிதைந்து ‘கயிட்ஸ்’ என ஆங்கிலத்தில் நின்றது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீர் நடுவில் நிற்கும் கடற்கோட்டை, இக்கடற்காலை ஆள்பவரே குடாநாட்டின் மேலை வாயிலை ஆள்பவர் என்பதை ஐரோப்பியர் உணர்ந்திருந்தமைக்குச் சான்று. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் இதனைக் கைப்பற்றி, ‘ஹாமன்ஹீல்’ எனப் பெயரிட்டனர்.

பெயர்கள் உணர்த்துவன

ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று; வேலணை லைடன் ஆயிற்று; புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ப்ட் எனப்பட்டன. இவற்றுட் பிற பெயர்கள் ஏட்டளவில் நிற்க, டெல்ப்ட் என்னும் பெயர் மட்டும் ஆட்சி வழக்கிலும் அயலார் நாவிலும் நிலைத்துவிட்டது. தீவில் வாழும் மக்களோ நெடுந்தீவு என்றே வழங்குகின்றனர்.

இதனினும் நம் கருத்தை ஈர்ப்பது காரைதீவின் பெயர் மாற்றம். பொன்னாலைக் கரையிலிருந்து காரைதீவுக்குக் களப்பின் குறுக்கே தாம்போதி அமைந்தது. கிழக்கு மாகாணத்தில் இன்னொரு காரைதீவும் உண்டு. பெயர் மயக்கத்தைத் தவிர்த்தல் வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடக்கிலுள்ள ஊர் காரைநகர் எனப் பெயர் மாறியது. மயக்கம் நீக்கப் பல பெயர்கள் அமைத்திருக்கலாம். ஆயினும் ‘தீவு’ நீங்கி ‘நகர்’ வந்தமை நோக்கத்தக்கது. கால் நனையாமல் வந்துபோகும் வழி பெற்ற ஊர், தன் பெயரிலிருந்தும் தீவுத் தன்மையைக் களைந்துவிட்டது எனலாம். அதனைச் சூழ்ந்த கடல் ஒரு முழமும் விலகவில்லை.

தரைவழி வந்த பின்னர்

1905ஆம் ஆண்டளவில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரையிலான புகைவண்டிப் பாதை முற்றுப்பெற்றது. அதன் பின்னர்க் குடாநாட்டின் முகம் கடலை விட்டுத் தரையை நோக்கித் திரும்பியது. பாய்மரக் கலங்களை நம்பிய ஊர்காவற்றுறையின் வாணிகம் படிப்படியாகச் சுருங்கியது. முன்வாயில் பின்கட்டாயிற்று. தீவுகள் நகரோடு தரைவழித் தொடர்பு பெறுதலே இனி வாழும் வழி என்னும் நிலை தோன்றியது.

நகரின் தென்மேற்கு விளிம்பிலுள்ள பண்ணையிலிருந்து களப்பின் குறுக்கே வேலணைத் தீவுக்குச் செல்லும் நெடுந்தாம்போதியே இத்தொடர்பின் முதுகெலும்பு. இதிலிருந்து ஒரு கிளைவழி மண்டைதீவுக்குப் பிரிகிறது. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குச் செல்லும் மற்றொரு தாம்போதி, அதற்காக உழைத்த அம்பலவாணரின் பெயரால் வாணர் பாலம் என வழங்குகிறது. புங்குடுதீவின் மேலைக் கோடியாகிய குறிகட்டுவானோடு தரைவழி முடிகிறது. அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் கால் மணி நேரப் பயணம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் செல்வோர் ஊர்காவற்றுறையிற் படகேறுவர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே, ஆளையும் வண்டியையும் ஏற்றிச்செல்லும் மிதவை ஓடுகிறது. அம்மிதவை ஓடாத நாளில், எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரியும் ஊருக்குச் செல்ல, யாழ்ப்பாண நகர் வரை வந்து சுற்றிச் செல்லவேண்டும்.

தாம்போதி நன்மையே தந்தது எனக் கூறிவிடலாகாது. கல்லும் மண்ணும் கொண்டு அமைத்த நீண்ட கரை, இடையிடையே மதகும் பாலமும் பெற்றிருப்பினும், களப்பின் இயல்பான நீரோட்டத்தைக் குறைக்கிறது. நீர் தேங்கும் இடத்தில் மீன்வளமும் இறால்வளமும் மாறுபடும். வழியால் வாழ்வு பெற்றவரும், அதே வழியால் தொழிலிடம் மாறியவரும் ஓரூரிலேயே இருத்தல் கூடும்.

பாலம் அமைத்தால் மக்கள் நிலைத்து வாழ்வர் என்பதும் முழு உண்மை அன்று. புங்குடுதீவு மக்களும் காரைநகர் மக்களும் இலங்கையின் பல நகரங்களிற் கடை வைத்து வாணிகம் செய்து பொருளீட்டி ஊரை வளர்த்தவர்கள். 1990ஆம் ஆண்டு தொடங்கிப் போரினால் தீவகத்தினின்றும் மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். போர் 2009ஆம் ஆண்டில் முடிந்த பின்னரும் பலர் மீளவில்லை. பாலம் பெற்ற புங்குடுதீவிலேயே கூரை இழந்த வீடுகளும், முற்றத்தில் மரம் முளைத்த வீடுகளும் வழிநெடுகக் காணப்படுகின்றன. வந்த வழியே போகும் வழியுமாகும். எனினும், மீளக் கருதுபவர்க்கு வழி இருத்தல் வேண்டும். வழி இல்லாவிடத்து மீள்தல் என்னும் எண்ணமே எழாது.

குறிகட்டுவானுக்கு அப்பால்

நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுரக் கிலோ மீட்டர் பரப்புடையது. முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளும், பனைகளும், ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழிவந்து கட்டற்றுத் திரியும் குதிரைக் கூட்டமும் அதன் அடையாளங்கள். 2012ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது அங்கு வாழ்ந்தோர் தொகை ஏறத்தாழ நாலாயிரமே. இத்தீவுக்குப் படகே வழி. வேறு வழி இல்லை.

ஒரே வழி உடைமையின் பொருளை இத்தீவு மக்கள் கசப்பாக அறிந்தவர்கள். 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி என்னும் பயணிகள் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதிற் சென்றோருள் இருபதுக்கு மேற்பட்டவர் வெட்டிக் கொல்லப்பட்டனர். கொலையுண்டோருள் பெண்டிரும் குழந்தைகளும் இருந்தனர். தரைவழியிற் செல்பவர் அஞ்சினால் வேறு தெருவிற் செல்லலாம். கடலில் வேறு தெரு இல்லை. அந்நிகழ்ச்சிக்குப் பின்னரும் மக்கள் படகேறியே ஆகவேண்டியிருந்தது.

அமைதிக் காலத்திலும் இவ்வழியை ஆள்வது காற்று. மே முதல் செப்டம்பர் வரை வீசும் சோளகம் திறந்த கடலைக் கொந்தளிக்கச் செய்யும். அக்டோபரின் பின் வாடை எழும்; மழையும் சிற்சில ஆண்டுகளிற் புயலும் வரும். நெடுந்தீவில் மருத்துவமனை உண்டு. ஆயினும் கடும் நோயுற்றாரைக் கடல் கடந்தே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லவேண்டும். பேறுகாலத்துப் பெண் நாள் நெருங்குமுன்னரே நகரில் உறவினர் வீட்டில் வந்து தங்குதல் அறிவுடைமையாகும். உறவினர் இல்லாதார் நிலை இரங்கத்தக்கது. தீவுக்குக் கற்பிக்க வரும் ஆசிரியரின் பாடவேளையும் படகின் நேரத்துக்கு அடங்கியதே. 2017ஆம் ஆண்டில் நெடுந்தாரகை என்னும் புதிய பயணிகள் கலம் இவ்வழிக்கு வந்தது. கலம் ஒன்று கூடுதல் நன்றே. ஆயினும் ஒரு கலம் பழுதுற்றால் ஒரு தீவு நின்றுவிடும் என்னும் நிலை மாறினாலன்றிக் குறை தீர்ந்ததாகாது.

நாம் ஒருமுறை குறிகட்டுவான் துறையிற் படகுக்குக் காத்திருந்தபோது, அரிசி மூட்டையும் எரிவளி உருளையும் கோழிக்குஞ்சுக் கூடையும் பள்ளிப் புத்தகக் கட்டும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படகினுள் இறங்குவதைக் கண்டோம். அருகில் நின்ற முதியவர் ஒருவரிடம், படகு எத்தனை மணிக்குப் புறப்படும் என வினவினோம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மேற்கே கடலைப் பார்த்துவிட்டு, “இண்டைக்குப் போகும் ஐயா” என்றார். நாம் கேட்டது மணியை. அவர் கூறியது நாளை. அவ்விடையில் தீவு வாழ்வின் கணக்கு முழுதும் அடங்கியிருந்தது.

‘பாதை’ என்னும் சொல்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஓடும் மிதவையைக் குறித்தோம் அல்லவா? அதனை அப்பகுதி மக்கள் ‘பாதை’ என்றே அழைப்பர். ‘பாதை வந்துவிட்டது’, ‘பாதை பழுது’ என்பன அங்கு இயல்பான தொடர்கள். மட்டக்களப்பிலும், 2014ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்படும்வரை, மண்முனைத் துறையில் ஓடிய மிதவை பாதை எனவே வழங்கியது. தமிழகத்தார்க்கு இவ்வழக்குப் புதுமையாகத் தோன்றலாம். அவர்க்குப் பாதை என்பது நிற்பது. அதன்மேற் செல்வது வண்டி. ஈழத்துத் துறைகளிலோ பாதை என்பதே செல்வது.

இச்சொல்லாட்சியின் தோற்றம் எதுவாயினும், அதன் பயன் தெளிவு. துறையில் வந்து முடியும் தெருவும், மறுகரையில் தொடங்கும் தெருவும் இருவேறு தெருக்கள் அல்ல. இடையே நீரின் மேல் அசைந்து செல்லும் பலகையும் அத்தெருவின் ஒரு கூறே என மக்கள் கருதினர். தெருவிற்கு விடுமுறை இல்லை. பழுதுற்ற தெருவை ஆட்சியாளர் செப்பனிடுவர். அங்ஙனமே படகும் ஓடவேண்டும் என்னும் நியாயம் இச்சொல்லினுள்ளேயே அடங்கியிருக்கிறது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை பெறப்படும். தீவை வரையறுப்பது அதனைச் சூழ்ந்த நீர் அன்று. அந்நீரைக் கடக்கும் வழியே. கடல் வழியாய் இருந்தபோது ஊராத்துறை நாட்டின் வாயில். தரை வழியானபோது அதுவே நாட்டின் கோடி. தாம்போதி பெற்ற காரைதீவு நகராயிற்று. பெறாத நெடுந்தீவு பெயரிலும் வாழ்விலும் தீவாகவே நிற்கிறது.

எல்லாத் தீவுக்கும் பாலம் அமைத்தல் இயலாது. நெடுந்தீவைச் சூழ்ந்த கடல் அதற்கு இடந்தராது. பேருந்தின் நேரமும் படகின் நேரமும் தம்முள் இயைதல், பழுதுற்ற கலத்துக்கு மாற்றுக் கலம் ஆயத்தமாய் இருத்தல், நோயாளர்க்கெனத் தனிப்படகு துறையில் நிற்றல், வெயிலும் மழையும் படாது காத்திருக்க இடம் இருத்தல் என்னும் இவை இயலாதன அல்ல. படகைத் தெருவின் பகுதியாக எண்ணும் ஆட்சிக்கு இவை எளியன. அதனைத் தீவினர்க்கு அளிக்கும் சலுகையாக எண்ணும் ஆட்சிக்கு இவை என்றும் அரியன.

எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், பிறநாட்டார் வரும் கலத்துக்கே காப்பளிக்க நயினாதீவிற் கல் நாட்டினர். அக்கல் நிற்கும் கோயிலுக்கு ஆனித் திருவிழாக் காலத்தில் மக்கள் பல்லாயிரவராய்த் திரண்டு செல்வர்; அந்நாள்களிற் படகுகள் இடையறாது ஓடும். திருவிழா முடிந்த மறுநாள், மருந்துச் சீட்டோடு துறையில் வந்து நிற்கும் ஒருவர்க்கும் அவ்வாறே படகு ஓடுமாயின், பாதை என்னும் சொல் தன் பொருளை நிறைவாகப் பெறும்.